மூத்திரப்பை ஸ்கோப், கட்டி எடுத்த ஆபரேஷன், பிசிஜி மருந்து: ஒரு யூராலஜி டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம் போய் வந்ததுல என் ரிவ்யூ

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், 5க்கு 3.5. டாக்டருங்க கைவேலைக்கு முழு மார்க், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா நோயாளிகிட்ட உக்காந்து என்ன பண்ணப் போறோம், பண்ணினதுக்கு அப்புறம் என்ன ஆகும், எதுக்கு பயப்படணும் எதுக்கு பயப்பட வேணாம்னு சொல்ற விஷயத்துல ரொம்ப மோசம், ஒரே ஒரு ரூம் தவிர, அத பத்தி பின்னாடி சொல்றேன். ஆஸ்பத்திரி பேர் போடல. நான் பார்த்த குறை எல்லாம் எந்த இடத்துலயும் நடக்கக்கூடியது தான், பேர போட்டா அந்த ஒரு இடத்த பத்தின சண்டையா போயிடும். மூத்திரப்பைக்குள்ள ஸ்கோப் விட்டு பாக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்ட கையில வச்சுக்கிட்டு ராத்திரி தூக்கம் வராம போன்ல தேடிட்டு இருக்கற ஆள் கண்ணுல இது படணும், அதுக்கு தான் எழுதறேன். நானும் அப்படி தேடினவன், கிடைச்சது எல்லாம் ஒண்ணு புரியாத பாடமா இருந்துச்சு, இல்லன்னா பயமுறுத்தற கதையா இருந்துச்சு.

எனக்கு வந்தது மூத்திரப்பை கேன்சர். இதுவரைக்கும் என் கணக்கு: முழிச்சிருக்கும்போதே ஸ்கோப் 6 தடவ, முதுகுல ஊசி போட்டு கட்டி எடுத்தது 2 தடவ, பிசிஜி மருந்து (கேன்சர் திரும்ப வராம இருக்க மூத்திரப்பைக்குள்ள விடறது) 15 தடவ. அதனால ஒரு நாள் போயிட்டு வந்து சொல்ற ரிவ்யூ இல்ல இது.

ஆரம்பம் எப்படின்னா, ஒரு நாள் காலைல யூரின் செவப்பா போச்சு. வலி இல்ல, எரிச்சல் இல்ல, காய்ச்சல் இல்ல. அடுத்த நாளும் போச்சு, மூணாம் நாள் தானா நின்னுடுச்சு. நின்னுடுச்சே, உடம்பு சூடா இருந்திருக்கும்னு நான் ரெண்டு மாசம் சும்மா விட்டுட்டேன், அது நான் பண்ண பெரிய தப்பு. இதுல எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இருக்கு, வலி இல்லாம யூரின்ல ரத்தம் வர்றது வலியோட வர்றத விட கூடுதலா கவனிக்க வேண்டியது, மூத்திரப்பைல கட்டி இருந்தா அது தொடர்ந்து ரத்தம் விட்டுட்டே இருக்காது, விட்டு விட்டு தான் வரும், நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. ஒரு தடவ கண்ணுக்கு தெரியற மாதிரி வந்தாலே போய் காட்டணும். பெண்களுக்கு இன்னொரு சிக்கல், ரத்தம்னு சொன்னதுமே யூரின் இன்ஃபெக்‌ஷன்னு முடிவு பண்ணி ஆன்டிபயாட்டிக் குடுத்து அனுப்பிடறாங்க, மறுபடி வந்தா மறுபடி ஒரு கோர்ஸ், இப்படியே மாசக்கணக்கா போயிடும். கல்ச்சர்ல கிருமி எதுவும் வளரலன்னு ரிப்போர்ட் வந்தும் ரத்தம் வருதுன்னா அடுத்து என்ன பாக்கணும்னு நீங்களே கேளுங்க, தயங்காதீங்க.

ஓபில மொதல்ல யூரின் டெஸ்ட், கல்ச்சர், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஸ்கேனுக்கு யூரின் ஃபுல்லா முட்டிட்டு இருக்கணும், அப்புறம் போயிட்டு வரச் சொல்லி உள்ள எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு மறுபடி பாப்பாங்க. இங்க ஒரு கோபம் இருக்கு எனக்கு. ஸ்கேன் ரூம் ஒரு கோடில, டாய்லெட் இன்னொரு கோடில. முட்ட முட்ட தண்ணி குடிச்சுட்டு டோக்கனுக்காக ஒரு மணி நேரம் உக்காந்திருக்கற பெரியவங்கள பார்த்தா பாவமா இருக்கும், ஒருத்தர் தாங்க முடியாம நடந்து போற வழிலயே ஆயிடுச்சு, அழுதுட்டார். யூராலஜிக்கு வர்றவங்களுக்கு அடக்க முடியாதுங்கறது தானே நோயே, அங்க ஒரு டாய்லெட் பக்கத்துல வேணும்னு யாரும் யோசிக்கலயா? இதுக்கு மட்டும் அரை மார்க் கொறச்சிருக்கேன்.

ஸ்கேன்ல "சுவர்ல ஏதோ இருக்கற மாதிரி தெரியுது"ன்னு எழுதியிருந்தாங்க. ஸ்கேன்லயே தெரிஞ்சுடுச்சே அப்புறம் எதுக்கு ஸ்கோப்புன்னு நான் கேட்டேன், டாக்டர் நல்லாவே பதில் சொன்னாங்க: ஸ்கேன்ல சின்ன கட்டி தவறிடும், சுவரோட சுவரா தட்டையா படர்ந்து இருக்கறது சுத்தமா தெரியாது, அத கண்ணால தான் பாக்கணும். கூடவே சிடி ஸ்கேனும் எழுதினாங்க, கிட்னிலயும் கிட்னில இருந்து வர்ற குழாய்லயும் இதே மாதிரி வேற ஏதாவது இருக்கான்னு பாக்கறதுக்கு, ஏன்னா உள்பக்கத்து தோல் அங்க இருந்து இங்க வரைக்கும் ஒரே ஜாதி தானாம். சிடிக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போடுவாங்க, கிட்னி ப்ராப்ளம் இருந்தாலோ சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ முன்னாடியே சொல்லிடுங்க.

இப்ப ஸ்கோப். சிஸ்டோஸ்கோபின்னு எழுதியிருப்பாங்க. ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு வளையற டியூப், பேனா ரீஃபில்ல விட கொஞ்சம் தடிமன், 5 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், மயக்கம் எல்லாம் கிடையாது, மரத்துப்போற ஜெல் மட்டும் போட்டு பாப்பாங்க, பாக்கறதுக்கு 5ல இருந்து 10 நிமிஷம், முடிச்சுட்டு எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துடலாம். இன்னொண்ணு வளையாத இரும்பு ஸ்கோப், அது பெரும்பாலும் தியேட்டர்ல முதுகுல ஊசி போட்டோ முழு மயக்கத்துலயோ பண்றது, கட்டி எடுக்கறது கல்லு உடைக்கறது எல்லாம் அதுல தான். உங்களுக்கு எது பண்ணப் போறாங்கன்னு கண்டிப்பா கேட்டு வச்சுக்குங்க, ஏன்னா மொதல் வகைக்கு சாப்பிட்டுட்டே போலாம், ரெண்டாவதுக்கு வெறும் வயித்துல போகணும். என்கிட்ட யாரும் சொல்லாததால நான் வளையற ஸ்கோப்புக்கு முந்தின ராத்திரில இருந்து பட்டினி கிடந்து தலை சுத்திப் போய் படுத்தேன்.

இந்த கருவி வந்த கதைய பின்னாடி படிச்சேன், மனசுல நின்னுடுச்சு. 1800களோட ஆரம்பத்துல போஸினின்னு ஒரு ஜெர்மன் டாக்டர் மெழுகுவர்த்தி வெளிச்சத்த கண்ணாடி வச்சு குழாய்க்குள்ள திருப்பி உடம்புக்குள்ள பாக்க முயற்சி பண்ணியிருக்கார், அப்புறம் 1877ல நிட்சன்னு ஒருத்தர் சூடாகி எரியற கம்பியோட வெளிச்சத்த பைக்கு உள்ளயே கொண்டு போய், சூடு சுடாம இருக்க சுத்தி தண்ணி ஓட விட்டு பார்த்திருக்கார். இன்னிக்கு முனையில கேமரா, பக்கத்துல டிவி. அன்னிக்கு அதுக்கு படுத்த நோயாளிங்கள நினைச்சா நம்ம நிலைமை எவ்ளோவோ மேல்.

என் மொதல் ஸ்கோப் நல்லா அமையல. அன்னிக்கு கூட்டம், ஜெல் போட்டு ஒரு நிமிஷம் கூட ஆகல, உடனே டியூப் உள்ள போக ஆரம்பிச்சுடுச்சு. ஆம்பளைக்கு அந்தப் பாதை கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் நீளம், நடுவுல வால்வு மாதிரி ஒரு தசை இருக்கு, அப்புறம் ப்ராஸ்டேட், அந்த எடத்த தாண்டும்போது சுரீர்னு இருந்துச்சு, நான் உடம்ப இறுக்கிக்கிட்டேன், இறுக்க இறுக்க வலி இன்னும் கூடுச்சு. பெண்களுக்கு அந்தப் பாதை 4 சென்டிமீட்டர் தான், அதனால அவங்களுக்கு பொதுவா சீக்கிரம் முடிஞ்சிடும். ரெண்டாவது தடவ ஸ்கோப் ரூம்ல வேற ஒரு சீனியர் நர்ஸ். ஜெல்ல மெதுவா விட்டாங்க, வேகமா விட்டா அதுவே எரியும்னாங்க, விட்டுட்டு 10 நிமிஷம் விட்டுட்டாங்க. டியூப் அந்த வால்வு கிட்ட போனப்ப, "அண்ணே, ஒண்ணுக்கு போகும்போது எப்படி லூசா விடுவீங்களோ அப்படி விடுங்க, மூச்ச இழுத்து பிடிக்காதீங்க, டிவிய பாருங்க"ன்னு சொல்லிட்டே ஸ்கோப்புக்கு தண்ணி வர்ற பையை கையால லேசா அழுத்தினாங்க. தண்ணி முன்னாடி போய் வழி திறக்குது, பின்னாடியே டியூப் வழுக்கிட்டு போயிடுச்சு. அதே டியூப், அதே உடம்பு, வலி பத்துல ரெண்டு பங்கு கூட இல்ல. அதனால நீங்க படுக்கும்போதே "ஜெல் போட்டுட்டு கொஞ்ச நேரம் விடுங்க சிஸ்டர், எனக்கு டிவில பாக்கணும்"னு கேளுங்க. இது உரிமை, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, எடுத்துக்கிட்டாலும் பரவால்ல.

மொதல் தடவ டிவில பார்த்தது பயமா இல்ல, ஆச்சரியமா இருந்துச்சு. வெளிர் ரோஸ் கலர்ல சுவர், மெல்லிசா ரத்தக் குழாய் ஓடுது, ரெண்டு பக்கமும் சின்ன பொத்தல், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ அது வாய் திறந்து கிட்னில இருந்து யூரின பீச்சுது. அப்புறம் ஒரு மூலைல கடல் பாசி மாதிரி ஒண்ணு தண்ணில ஆடிட்டு இருந்துச்சு. அதான் கட்டி. நானே பார்த்துட்டதால அப்புறம் டாக்டர் சொன்னது எதுவும் எனக்கு மறைச்சு சொல்ற மாதிரி தோணல.

போறதுக்கு முன்னாடி நீங்களா சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு, அவங்க கேக்கலன்னாலும் சொல்லுங்க. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, அத சொல்லணும், ஆனா நீங்களா நிறுத்தக்கூடாது, சும்மா பாக்கற ஸ்கோப்புக்கு பெரும்பாலும் நிறுத்த வேண்டி இருக்காது, கட்டி எடுக்கறதுன்னா இதய டாக்டர்கிட்ட கேட்டு அவங்க சொல்ற நாள்ல தான் நிறுத்தணும், இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்க தானா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. பேஸ்மேக்கர் இருக்கா, இதய வால்வு மாத்தியிருக்கா, எந்த மருந்தாவது அலர்ஜியா, ரப்பர் அலர்ஜியா, கர்ப்பமா, அப்புறம் முக்கியமா இப்ப யூரின்ல எரிச்சல் காய்ச்சல் இருக்கா. இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஸ்கோப் போட்டா கிருமி ரத்தத்துல ஏறிடலாம், அதனால தள்ளி வைப்பாங்க, அன்னிக்கு திருப்பி அனுப்பினா கோவப்படாதீங்க, அது நல்லதுக்கு தான்.

அந்தரங்கம் விஷயத்துல இந்த எடத்துக்கு பாதி மார்க். கவுன் குடுத்தாங்க, மேல துணி போத்தினாங்க, எல்லாம் சரி. ஆனா மொதல் தடவ படுத்திருக்கும்போது கதவு மூணு தடவ திறந்துச்சு, யாரோ ஃபைல் கேட்டு வந்தாங்க. படிக்கற பசங்க நாலு பேர் நின்னாங்க, அவங்க கத்துக்கணும் தான், ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். அடுத்த தடவ நானே சொன்னேன், ரெண்டு பேர் மட்டும் இருங்கன்னு, உடனே ஒத்துக்கிட்டாங்க. பெண்கள் கூட ஒரு பெண் இருக்கணும்னு கேட்கலாம். கன்சென்ட் ஃபார்ம் படுக்கைல படுத்ததுக்கு அப்புறம் நீட்டினாங்க, அது ரொம்ப தப்பு, அத உக்காந்து படிக்க முன்னாடியே வாங்கிக்குங்க.

ஸ்கோப் முடிஞ்சதும் மொத நாலஞ்சு தடவ யூரின் போகும்போது எரியும், லேசா ரோஸ் கலர்ல போகும், ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிடும். நல்லா தண்ணி குடிக்கணும். எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் குடுக்க மாட்டாங்க, குடுக்கலன்னா மறந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. ஆனா குளிர் நடுக்கம், 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், இல்ல ரத்தக் கட்டி கட்டியா வர்றது, இல்ல முட்டிட்டு நிக்குது ஆனா போக முடியல, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

கட்டி எடுக்கற ஆபரேஷன் பத்தி. வெளில கத்தியே படல, அதே பாதைல ஸ்கோப் விட்டு, முனையில இருக்கற கம்பி வளையத்துல கரன்ட் குடுத்து கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுக்கறாங்க. சர்ஜன் ஒரு வெள்ளத் தாள எடுத்து பை படம் வரைஞ்சு, உள் தோல், அதுக்கு கீழ ஒரு அடுக்கு, அதுக்கு கீழ தசைன்னு மூணு கோடு போட்டு, "கட்டிய மட்டும் எடுத்தா போதாது, அடில இருக்கற தசையும் கொஞ்சம் வரணும், அப்ப தான் எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு தெரியும்"னு சொன்னார். அந்த தாள் இன்னும் என் ஃபைல்ல இருக்கு. மூணு நிமிஷம் தான் ஆச்சு அவருக்கு, எனக்கு ஒரு மாச பயம் போச்சு.

முதுகுல ஊசி போட்டா இடுப்புக்கு கீழ மரத்துடும், பேச்சு சத்தம் கேக்கும், வலிக்காது. முடிச்சு வார்டுக்கு வந்தா மூணு வழி டியூப் போட்டு, ஒரு வழில சலைன் பாட்டில் பாட்டிலா உள்ள ஓடும், இன்னொரு வழில வெளில வரும், ரத்தம் உறைஞ்சு அடைக்காம கழுவறதுக்கு. பேக் செவப்பா இருக்கறத பார்த்து வீட்டுக்காரங்க பயந்துடுவாங்க, கொஞ்சம் ரத்தமே ஒரு பாட்டில் தண்ணிய செவப்பாக்கும், நேரம் ஆக ஆக வெளுத்துட்டே வரணும், அதான் கணக்கு. இங்க யாரும் என்கிட்ட சொல்லாத ரெண்டு விஷயம். ஒண்ணு, டியூப் இருக்கும்போதே இப்பவே யூரின் போகணும்னு அடிவயிறு இழுத்து பிடிக்கும், டியூப் ஓரமா கொஞ்சம் கசியும், அது பை சுருங்கறது, அதுக்கு மாத்திரை இருக்கு, கேட்டா குடுப்பாங்க, நான் கேக்காம ஒரு ராத்திரி முழுக்க பல்ல கடிச்சுட்டு கிடந்தேன். ரெண்டு, சலைன் உள்ள ஓடிட்டே இருக்கு ஆனா பேக்ல எதுவும் ஏறல, வயிறு உப்புதுன்னா டியூப் அடைச்சுடுச்சு, அப்ப அந்த நிமிஷமே சலைன நிறுத்தச் சொல்லி சிஸ்டர கூப்பிடணும். கூட இருக்கறவங்க இத தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா நோயாளி அரை தூக்கத்துல இருப்பார்.

பக்கத்து பெட்காரருக்கு ஆபரேஷன் அன்னிக்கே டியூப் வழியா ஊதா கலர் மருந்து ஒண்ணு விட்டாங்க, மைட்டோமைசின், சிதறின செல்லு மறுபடி ஒட்டி வளராம இருக்க, 24 மணி நேரத்துக்குள்ள குடுக்கறது. எனக்கு ஏன் இல்லன்னு கேட்டதுக்கு, ஆழமா சுரண்டினதால பைல ஓட்டை விழுந்திருந்தா மருந்து வெளில கசிஞ்சு ஆபத்துன்னு தவிர்த்தோம்னு சொன்னாங்க. கேட்டதுக்கு அப்புறம் தான் சொன்னாங்க.

இந்த ரிவ்யூல நான் கோபமா எழுதற எடம் இது தான். டியூப் எடுத்து நல்லா யூரின் போயி வீட்டுக்கு வந்து 11 நாள் ஆச்சு. உள்ள இருக்கற புண்ணோட பொருக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல உதிரும், அப்ப திரும்ப கொஞ்சம் ரத்தம் வரலாம், அதனால ரெண்டு வாரத்துக்கு கனமா எதுவும் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, மலச்சிக்கல் வரவிடக்கூடாது. இத எவரும் என்கிட்ட சொல்லல. நான் வீட்ல ஒரு சிலிண்டர நகர்த்தினேன், அன்னிக்கு ராத்திரி செவப்பா போச்சு, அப்புறம் கட்டி கட்டியா, அப்புறம் சுத்தமா அடைச்சுடுச்சு. டிஸ்சார்ஜ் சம்மரில இருந்த நம்பருக்கு 9 தடவ போன் பண்ணோம், யாரும் எடுக்கல. என் மனைவி கை நடுங்கிட்டே வண்டி பிடிச்சு எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போனா. அங்க பெரிய டியூப் போட்டு பெரிய சிரிஞ்ச்ல தண்ணி விட்டு உறிஞ்சி உறிஞ்சி கட்டிய எல்லாம் எடுத்தாங்க, அந்த வேலைய பண்ண டூட்டி டாக்டர் சின்னப் பையன், ஆனா தெய்வம் மாதிரி பொறுமையா பண்ணார். ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா, இல்ல அந்த போன யாராவது எடுத்திருந்தா அந்த ராத்திரி அப்படி இருந்திருக்காது. மறுவாரம் எழுதியே குடுத்தேன் புகார. இப்ப அந்த நம்பர் எடுக்கறாங்க, நான் சோதிச்சு பார்த்துட்டேன், அதனால தான் 3.5, இல்லன்னா 2.5 தான் போட்டிருப்பேன்.

பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். வந்ததும் மூணு விஷயம் மட்டும் பாருங்க: கிரேடு (கேன்சர் செல்லு எவ்ளோ வீரியம்) ஹையா லோவா, எவ்ளோ ஆழம், தசை சாம்பிள்ல இருந்துச்சா. டிஏன்னா உள் தோலோட நிக்குது, டி1ன்னா அடுத்த அடுக்குக்குள்ள போயிருக்கு, டி2ன்னா தசைக்குள்ளயே போயிடுச்சு, அங்க வைத்தியமே வேற, பையையே எடுக்கறது இல்ல ரேடியேஷன்னு பேச்சு போகும். மூத்திரப்பை கேன்சர் கண்டுபிடிக்கற நேரத்துல நாலுல மூணு பேருக்கு தசைக்கு போகாம தான் இருக்கும், அது பெரிய ஆறுதல். எனக்கு டி1 ஹை கிரேடு. வார்டுல ஒரு ஜூனியர் "எல்லாம் எடுத்தாச்சு சார், க்ளியர்"னு சொல்லிட்டு போனார், ஒரு வாரம் நிம்மதியா இருந்தோம், அப்புறம் சர்ஜன் கூப்பிட்டு "மறுபடி ஒரு தடவ சுரண்டணும்"னார். இடிஞ்சு போயிட்டோம். அப்புறம் தான் புரிஞ்சுது, டி1க்கு ரெண்டுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள அதே எடத்த மறுபடி சுரண்டி பாக்கறது வழக்கமான முறையாம், மிச்சம் இருக்கறது நிறைய பேருக்கு நடக்கும், ஆழத்த தப்பா கணிச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. மொத ஆபரேஷன் தப்பா பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னாடியே "ரிப்போர்ட்ட பொறுத்து இன்னொரு தடவ வரலாம்"னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். எனக்கு ரெண்டாவது சாம்பிள்ல எதுவும் இல்ல, தசையும் சுத்தமா இருந்துச்சு.

இனி அந்த ஒரு ரூம். பிசிஜி குடுக்கற ரூம். இங்க இருக்கற நர்ஸ் அக்காவுக்கு 5க்கு 5, மேல இருந்தா மேல. டிபி வராம இருக்க குழந்தைங்களுக்கு போடற தடுப்பூசில இருக்கற அதே கிருமி தான் இது, 1921ல மனுஷங்களுக்கு மொதல்ல குடுத்தது, மூத்திரப்பை கேன்சருக்கு பயன்படும்னு 1976ல மொரால்ஸ்னு டாக்டர் காட்டினார். உயிரோட இருக்கற கிருமி, ஆனா வீரியம் கொறச்சது, பைக்குள்ள விட்டா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி கிளம்பி வந்து அங்க இருக்கற கெட்ட செல்லையும் சேர்த்து அடிக்குது. வாரம் ஒண்ணு, 6 வாரம். அப்புறம் 3வது மாசம், 6வது மாசம், 12வது மாசம் மூணு மூணு டோஸ், ஹை கிரேடுன்னா மூணு வருஷம் வரைக்கும் போகும். மெல்லிசு டியூப் போட்டு மருந்த விட்டுட்டு டியூப எடுத்துடுவாங்க, 2 மணி நேரம் அடக்கணும். வர்றதுக்கு 4 மணி நேரம் முன்னாடில இருந்து தண்ணிய கொறச்சுக்கணும், அப்ப தான் அடக்க முடியும், இத அந்த அக்கா முந்தின நாளே போன் பண்ணி சொல்லுவாங்க.

மொத நாள் என் மனைவியயும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு 15 நிமிஷம் பேசினாங்க. மருந்து விட்ட 6 மணி நேரத்துக்கு ஆம்பளையும் உக்காந்து தான் யூரின் போகணும், தெறிக்கக்கூடாது, ஒவ்வொரு தடவையும் டாய்லெட்ல ப்ளீச் ஊத்தி 15 நிமிஷம் விட்டு ஃப்ளஷ் பண்ணணும், கை நல்லா கழுவணும், சிகிச்சை காலத்துல தாம்பத்யத்துக்கு ஆணுறை வேணும். அந்த கடைசி விஷயத்த எந்த டாக்டரும் எங்ககிட்ட சொன்னதில்ல, அந்தக்கா கூச்சப்படாம சாதாரணமா சொன்னாங்க, எங்களுக்கும் கூச்சம் போயிடுச்சு. யூரின்ல ரத்தம் தெரிஞ்சாலோ இன்ஃபெக்‌ஷன் இருந்தாலோ டியூப் போடும்போது காயம் ஆனாலோ அன்னிக்கு மருந்து விட மாட்டாங்க, கிருமி ரத்தத்துல கலந்துடும். எனக்கு 4வது டோஸ் அப்படி ஒரு வாரம் தள்ளிப் போச்சு, நான் கெஞ்சினேன், அக்கா மசியல, சரி தான் அவங்க.

பக்க விளைவு உண்டு, மறைக்க வேணாம். 3வது டோஸ்ல இருந்து எரிச்சல், அடிக்கடி ஓட்டம், அன்னிக்கு ராத்திரி உடம்பு வலி, லேசா காய்ச்சல், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். 38.5 டிகிரிக்கு மேல போய் எறங்கவே இல்லன்னா, நடுக்கம் வந்தா, இருமல் மூட்டுவலி விரைவீக்கம்னு வந்தா உடனே வரணும், பாரசிட்டமால் போட்டு படுத்துக்க கூடாது. வேற டாக்டர்கிட்ட எதுக்கு போனாலும் பிசிஜி போட்டுட்டு இருக்கேன்னு சொல்லணும், சில ஆன்டிபயாட்டிக் இந்த கிருமிய கொன்னு மருந்தயே வீணாக்கிடும், முடிஞ்சு வருஷக்கணக்கானாலும் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தா இத சொல்லணும். அக்கா இதெல்லாம் ஒரு கார்டுல கையால எழுதி குடுத்தாங்க, என் பர்ஸ்ல இருக்கு.

அதே டிபார்ட்மென்ட்ல நான் பார்த்த இன்னொண்ணு, கல்லு ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்னில இருந்து வர்ற குழாய்க்குள்ள வைக்கற ஸ்டென்ட் டியூப். அத இதே ஸ்கோப்ல தான் எடுப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா வலி இல்லன்னு மறந்துட்டு மாசக்கணக்குல விட்டவங்க வந்தாங்க, அது மேல கல்லு படிஞ்சு பெரிய ஆபரேஷனா ஆயிடுது. வச்ச அன்னிக்கே எடுக்கற தேதிய போன்ல போட்டுக்குங்க, ஆஸ்பத்திரி கூப்பிடும்னு நம்பாதீங்க.

சிகரெட் பத்தி சொல்லாம போக மனசு வரல. நான் 22 வருஷம் பிடிச்சவன். நுரையீரலுக்கு தான் கெடுதல்னு நினைச்சேன். புகைல இருக்கற விஷம் ரத்தத்துல கலந்து கிட்னி வடிகட்டி பைல வந்து மணிக்கணக்கா தேங்குது, மூத்திரப்பை கேன்சர்ல கிட்டத்தட்ட பாதி சிகரெட்டால தான் வருது. சாயம், ரப்பர் வேலைல இருந்தவங்களுக்கும் வரும், வேலைய விட்டு பல வருஷம் கழிச்சு கூட வரும், அதனால பழைய வேலை என்னன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. கட்டி எடுத்ததுக்கு அப்புறமும் பிடிச்சா திரும்ப வர்ற வாய்ப்பு கூடுது. ரிப்போர்ட் வந்த அன்னிக்கு நிறுத்தினேன்.

திரும்ப வர்ற குணம் இந்த நோய்க்கு ரொம்ப அதிகம், அதனால செக் ஸ்கோப்ப தவறவிடக்கூடாது. என் மாதிரி ஆளுக்கு ரெண்டு வருஷம் 3 மாசத்துக்கு ஒரு தடவ, அப்புறம் 6 மாசத்துக்கு ஒரு தடவ, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு. லோ கிரேடு சின்ன கட்டின்னா 3வது மாசம் பார்த்து சுத்தமா இருந்தா அடுத்தது ஒரு வருஷத்துல தான். உங்க அட்டவணை எதுன்னு எழுதி வாங்கிக்குங்க. இங்க அப்பாயின்ட்மென்ட் அவங்களா போட்டு தர்றாங்க, தேதி ஒரு தடவ கூட தள்ளிப் போனதில்ல, அத பாராட்டணும்.

போன மாசம் 5வது செக். நர்ஸ் ஜெல் போட்டாங்க, 10 நிமிஷம் விட்டாங்க, நான் டிவிய பார்த்துட்டே இருந்தேன். கட்டி இருந்த எடத்துல வெள்ளையா நட்சத்திரம் மாதிரி ஒரு தழும்பு, சுத்தி எல்லாம் ரோஸ். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நானே "அங்க தானே"ன்னு கை காட்டினேன், "ஆமா, அதே தான், சுத்தமா இருக்கு"ன்னாங்க. அடுத்தது இன்னும் ரெண்டு மாசத்துல, டாய்லெட்ட பக்கத்துல கொண்டு வந்திருந்தாங்கன்னா மார்க்க மாத்திடறேன்.